விலை கொடுத்தவர் விருந்தினரா?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதுவகையாய் யாக்கப்படும் செய்யுளைக் குறிக்கத் தொல்காப்பியர் இச்சொல்லையே ஆண்டுள்ளார். உறவினரும் நண்பரும் வந்து உண்டு மகிழ்ந்து செல்வது, கண்டிப்பாக நோக்கின், விருந்தன்று. முன்பின் அறியாத புதியவர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போதுதான் விருந்தோம்பல் என்னும் அறம் தொடங்குகிறது. வள்ளுவர் அதனை இல்லறவியலில் வைத்து ஓர் அதிகாரம் முழுவதும் பேசினார். வந்தவரின் முகம் வாடாமல் இருக்கிறதா என்பது வரையில் நோக்கினார். ஆனால் அந்தப் புதியவர் கையில் பணப்பையோடு வந்து, "அறைக்கு என்ன வாடகை? மீனுக்கு என்ன விலை?" என்று கேட்பாராயின், அவரை எப்பெயரிட்டு அழைப்பது? விருந்தினர் என்பதா, வாடிக்கையாளர் என்பதா? வள்ளுவரின் பத்துக் குறட்பாக்களில் இதற்கு நேர்விடை இல்லை. சத்திரமும் சாவடியும் அறச்செயலாய் இருந்த சமுதாயத்தில், சோற்றை விலைக்கு விற்பதை இழிவெனக் கருதிய மனநிலை நெடுங்காலம் நிலவிய சமுதாயத்தில், அக்கேள்வி கூர்மையாக எழுந்திருக்க வாய்ப்பில்லை.

இன்றோ அக்கேள்வியின்மீதுதான் பல ஊர்கள் உயிர் வாழ்கின்றன. அத்தகைய ஊர்களுள் ஒன்று ஜமைக்காத் தீவின் மேற்குக் கோடியில் உள்ள நெக்ரில். வெஸ்ட்மோர்லாந்து, ஹேனோவர் என்னும் இரு வட்டாரங்களின் எல்லையில் அது கடலை நோக்கிக் கிடக்கிறது. ஊரின் ஒரு பாதி வெண்மணற் கரை. மறு பாதி கடலுக்குமேல் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை. அப்பாறைப் பகுதியின் கலங்கரை விளக்கம் 1894-இல் எழுப்பப்பட்டது. மணற்கரைக்கு 'ஏழு மைல் கடற்கரை' என்று பெயர். அளந்து பார்த்தால் ஏழு மைல் தேறாது. பயணிகளுக்காக இடப்படும் பெயர்களில் இத்தகைய தாராளம் எல்லா நாடுகளிலும் உண்டு.

1950-களின் இறுதியில் ஒழுங்கான சாலை வந்து சேரும்வரை நெக்ரில் ஒரு மீனவச் சிற்றூர். 1960-களின் இறுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் நீண்ட தலைமுடியோடு வந்த வட அமெரிக்க இளைஞர்கள் அங்குள்ள குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கினர். மிகச் சிறிய தொகை கொடுத்தனர். வீட்டார் உண்டதையே உண்டனர். வீட்டுக் குழந்தைகளின் பெயர்களை அறிந்திருந்தனர். 1974-இல் பாறைமேல், கதிரவன் மறைவதைக் கண்டுகொண்டே பருகுவதற்கென ரிக்ஸ் கஃபே தொடங்கப்பட்டது. 1976-இல் எல்லாம் அடங்கிய ஒரே கட்டணத்தில் தங்கும் பெரிய விடுதி ஒன்று 'நெக்ரில் பீச் வில்லேஜ்' என்னும் பெயரில் திறக்கப்பட்டது. இம்முறை பின்னர்த் தீவு முழுவதும் பரவிற்று. இன்று நெக்ரிலுக்குச் செல்லும் ஒருவர்முன் உள்ள தேர்வு இதுதான்: கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, மதிலுக்குள்ளேயே உண்டு, பருகி, உறங்கித் திரும்பலாம், அல்லது சாலையோரத்தில் ஒரு பெண்மணி நடத்தும் நான்கறை விடுதியில் தங்கி, நடந்து சென்று, கிடைக்கும் கடையில் உண்ணலாம்.

எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்பது வசதியைப் பற்றிய கேள்விதானே. இதில் அறம் எங்கே வந்தது என்று சிலர் வினவக்கூடும். அக்கேள்விக்குள் அறம் மறைந்திருப்பதைக் காட்டியவர்களுள் ஒருவர், தம் ஊரான கோனிக்ஸ்பெர்க்கின் சுற்றுப்புறத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றறியாத செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட். நிலையான அமைதியைப் பற்றி 1795-இல் அவர் வெளியிட்ட சிறுநூலில், அயலவரை ஏற்கும் பண்பை ஈகை என்று கூறாமல் உரிமை என்று கூறினார். நிலவுலகம் உருண்டையானது; மாந்தர் ஒருவரை ஒருவர் விட்டு எல்லையின்றி விலகிச் செல்ல இயலாது; ஆதலின் எந்நாட்டிலும் சென்று இறங்கவும், பகைவனாக நடத்தப்படாமல் இருக்கவும் எவர்க்கும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். ஆயினும் அதற்கு மேல் ஒரு கோடு கிழித்தார். சென்று காணும் உரிமை வேறு. விருந்தினனாக வைத்துப் பேணப்படும் உரிமை வேறு. முன்னது அனைவர்க்கும் உண்டு. பின்னது வீட்டார் மனமுவந்து அளித்தால் மட்டுமே உண்டு. இக்கோட்டை மதியாது சென்ற ஐரோப்பியர், 'காணச் செல்வதும்' 'கைப்பற்றுவதும்' ஒன்றே என்று கருதியதை அவர் கடிந்துரைத்தார். மிகக் கொடிய, மிகக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட அடிமைமுறைக்கு அவர் சுட்டிய இடம் சர்க்கரைத் தீவுகள். ஜமைக்கா அன்று பிரித்தானியரின் சர்க்கரைத் தீவுகளுள் தலையாயது.

ஆகவே நெக்ரிலின் உணவு மேசையில் அமரும் பயணி, தாம் அறியாமலே, ஒரு நெடிய வரலாற்றின்முன் அமர்கிறார். தட்டில் வரும் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்தது. பெரும்பாலும் தானாக விரும்பி வந்ததில்லை. காலையுணவாக ஆக்கியும் உப்புமீனும் வைப்பார்கள். ஆக்கி மேற்கு ஆப்பிரிக்கப் பழம். அதன் ஓடு தானாகப் பிளந்து விரியுமுன் பறித்து உண்டால் உயிருக்கே கேடாகும். அதனை அறிந்து பக்குவம் செய்யும் அறிவும் அம்மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வந்ததே. உப்புமீனோ வட அட்லாண்டிக் கடலின் கோட் மீன். விலைபோகாத மட்டமான மீனை உப்பிட்டு உலர்த்தி, தோட்டத்து அடிமைகளுக்கான பங்கீட்டு உணவாக மூட்டை மூட்டையாய் அனுப்பினர். மலேசியச் சந்தையில் சுக்குன் என்று விற்கப்படும் ஈரப்பலா, அடிமைகளுக்கு மலிவான உணவாகும் என்ற கணக்கில் 1793-இல் வில்லியம் பிளை என்னும் கப்பல் தலைவரால் தஹித்தியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிச் சாறு பிழிந்து தட்டையாய்ச் சுடும் பாமி, ஐரோப்பியர் வருகைக்குப்பின் நோயாலும் கொடுமையாலும் பெரிதும் அழிந்துபோன தைனோ மக்களின் கைத்திறன். பிமென்டோ மரக்கட்டையின் புகையில் காரமிட்டு வாட்டும் ஜெர்க் இறைச்சி, தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்காடுகளில் வாழ்ந்த மரூன் மக்களோடு தொடர்புடையது. விழா நாள்களில் தவறாது இடம்பெறும் ஆட்டுக்கறியின் மசாலை, 1845 மே 10-இல் பிளண்டல் என்னும் கப்பல் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் கரை சேர்ந்தது முதல் வந்து இறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளின் நினைவு. அவர்களுள் பெரும்பாலோர் வட இந்தியர். எனினும் அவர்களைக் கொண்டுசென்ற ஒப்பந்த முறையின் மற்றொரு கிளைதான் மலாயாவின் தோட்டப்புறங்களுக்கும் ஆள் சேர்த்தது என்பதை இந்நாட்டுத் தமிழாசிரியர்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பருகும் ரம்மோ, கரும்பாலையில் எஞ்சிய பாகிலிருந்து வடிப்பது. அதன் இனிப்பையும் எரிவையும் பற்றித் தனி நூலே எழுதலாம்.

இத்தகைய நிலத்தில், 'விருந்தை விலைக்கு விற்பது இழிவு' என்ற பழைய எண்ணத்தை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்துவது பிழையாகும். ஏன் என்பதைச் சற்று விரித்துக் காணவேண்டும். ஜமைக்காத் தோட்டங்களில் அடிமைகளின் உணவை அவர்களே விளைவித்துக்கொள்ளுமாறு, கரும்புக்குப் பயன்படாத மலைச்சரிவுகளை முதலாளிமார் ஒதுக்கிக் கொடுத்தனர். அங்கே விளைந்த சேனையையும் வாழைக்காயையும் தம் தேவை போக எஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அடிமைகள் விற்றனர். தம் உடலே தமக்கு உரிமையில்லாத மாந்தர், தாம் விளைத்த பொருளுக்குத் தாமே விலை கூறிய இடம் அச்சந்தை. "இவ்வளவு கொடுத்தால் தருவேன், இல்லையேல் இல்லை" என்று வெள்ளையர் முகத்துக்கு நேரே அவர்கள் சொல்ல முடிந்த இடம் வேறு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரிய வீட்டு அடுக்களையிலோ அவர்கள் சமைத்துப் பரிமாறியது விலையின்றி. ஆனால் அதனை விருந்தோம்பல் என்று சொல்ல எவர்க்கு நா எழும்? 1834 ஆகஸ்டு 1-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு, 1838-இல் முழு விடுதலை கிட்டியபின், சந்தைக்குக் கூடை சுமந்து சென்ற பெண்களின் வழிவந்தவர்களே இன்று நெக்ரில் சாலையோரத்தில் பொரித்த மீனும் சோறும் விற்கின்றனர். அவர்கள் கூறும் விலை, அன்பின் குறைவைக் காட்டுவதன்று; அவர்கள் எவர்க்கும் அடிமையல்லர் என்பதைக் காட்டுவது.

அவ்வாறாயின், இலவசமாகப் பரிமாறப்பட்டது விருந்தன்று. விலைக்கு விற்கப்பட்டதில் விருந்தின் கூறு இருக்கக்கூடும் என்று ஆகிறது. விருந்தோம்பலைத் தீர்மானிப்பது பணத்தின் இருப்பும் இன்மையும் அன்று. பின் எது?

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்ததன் பொருத்தத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். விருந்தோம்புவோர்க்கு முதலில் வேண்டுவது இல்லம். வாயில் அவருடையதாக இருக்கவேண்டும். திறக்கவும் அடைக்கவும் அவர்க்கு உரிமை இருக்கவேண்டும். அடைக்கும் உரிமை உடையவர் திறக்கும்போதுதான் அத்திறப்பு ஒரு செயலாகிறது. அடைக்க உரிமையில்லாதவர் திறப்பது வெறும் கீழ்ப்படிதல். பணம் பெறினும் பெறாவிடினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு நெக்ரிலின் இரு வகை விடுதிகளையும் நோக்கலாம். நான்கறை விடுதியின் பெண்மணி வாடகை பெறுகிறார். ஆயினும் குடித்துவிட்டுக் கூச்சலிடுபவரை மறுநாளே வெளியேறச் சொல்ல அவரால் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயம் செல்லவேண்டும், ஆகவே காலையுணவு கிடையாது என்று சொல்ல முடியும். அங்கே தங்குபவர், விலை கொடுத்திருந்தாலும், ஒருவரது வீட்டில் இருக்கிறோம் என்ற உணர்விலிருந்து தப்ப முடியாது. அவ்வுணர்வே அவரைப் பாதி விருந்தினராக்கிவிடுகிறது. மதில் சூழ்ந்த பெருவிடுதியிலோ புன்னகையோடு வரவேற்பவர் வீட்டுக்குடையவர் அல்லர். உடைமையாளர் பெரும்பாலும் வேறு நகரத்தில், சில வேளைகளில் வேறு நாட்டில் இருக்கிறார். தட்டேந்தி வரும் இளைஞனின் இனிய சொல்லில் உண்மை இல்லை என்று எவரும் கூறவியலாது. நெஞ்சார்ந்த கனிவோடு பணி செய்வோர் அங்கும் ஏராளம். ஆனால் அக்கனிவு உண்மையா, பணிவிதியா என்பதை அறிந்துகொள்ளும் வழி விருந்தினர்க்கு இல்லை. அவனுக்கும் சில நாள்களில் இருக்காது. முகமலர்ச்சி கட்டாயமாக்கப்பட்ட இடத்தில் முகம் தன் மொழியை இழந்துவிடுகிறது.

மேலும், ஒரே கட்டணத்தில் எல்லாம் அடங்கிவிட்டது என்ற எண்ணம் பயணியின் மனத்தில் விளைவிக்கும் மாற்றமும் சிறிதன்று. முன்பே எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டவர்க்கு வெளியே சென்று உண்பது நட்டமாகத் தோன்றுகிறது. மதிலுக்கு அப்பால் சில நூறு அடி தொலைவில் மீன் பொரிக்கும் கடையின் மணம் காற்றில் வருகிறது. கைப்பட்டை அவரைத் தடுக்கிறது. யாரும் காவல் வைக்கவில்லை, சிக்கனமே காவலாகிவிட்டது.

எதிர்வாதம் இல்லாமலில்லை, அதனை எளிதில் தள்ளுவதும் நேர்மையாகாது. பெருவிடுதி ஆயிரக்கணக்கானோர்க்கு மாதச் சம்பளம் தருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மட்டுமே கூட்டம் நிறையும் ஊரில், எஞ்சிய மாதங்களிலும் அடுப்பெரியச் செய்வது அதுவே. சிறுவிடுதியின் பெண்மணி நல்லவரேயாயினும், அவர் அமர்த்தியுள்ள இரு வேலையாள்களுக்குக் குறைந்த கூலியே கொடுக்கக்கூடும். அதனைக் கேட்க அங்கே தொழிற்சங்கம் இராது. முதியோரும் உடல்நலம் குன்றியோரும் மதிலின் பாதுகாப்பை நாடுவதில் குற்றமும் இல்லை. ஆகவே சிறுவிடுதியில் தங்குவோர் அறவோர், பெருவிடுதியில் தங்குவோர் அறமற்றோர் என்று பிரித்துவிடுவது சிறுபிள்ளைத்தனம். ஆயினும் இவ்வாதம் வேலைவாய்ப்பைப் பற்றியது. விருந்தைப் பற்றியது அன்று. நல்ல கூலி கொடுக்கும் இடம் என்பதனால் அது வீடாகிவிடாது.

வாயிலைப் பற்றிய கேள்வி கட்டடங்களோடு முடிந்துவிடுவதுமில்லை. கடற்கரைக்கு வாயில் உண்டா? ஜமைக்காவில் 1956-ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அலைபடும் கரையின் உரிமையை அரசுக்கு உரித்தாக்கியது. மீன்பிடித் தொழிலாளர்க்கு வழிவழியாக இருந்த உரிமைகளைக் காத்தது. ஆனால் பொதுமக்கள் எவரும் எந்தக் கரையிலும் நடக்கலாம், நீராடலாம் என்னும் பொது உரிமையை அது வழங்கவில்லை. 1962-இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அச்சட்டம் நின்றது. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டு மக்களே கடற்கரை தம் பிறப்புரிமை என்று வழக்காடி வருகின்றனர். நெக்ரிலின் நெடுங்கரையில் இன்னும் பெருமளவுக்கு நடக்க முடிகிறது; ஆயினும் ஆங்காங்கே ஒரு கயிறும் ஒரு காவலரும், இதற்கு அப்பால் யார் வரலாம் யார் வரலாகாது என்பதைச் சொல்லாமற் சொல்கின்றனர். இக்காட்சியில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. காண்ட் வகுத்த கோட்டின்படி வந்தவர்க்கு உள்ளது காணும் உரிமை மட்டுமே. இருப்பவரே வாயிலுக்கு உரியவர். இங்கோ வந்தவர் சாய்ந்து கிடக்கிறார். அவ்வூரில் பிறந்தவர் கயிற்றுக்கு வெளியே நின்று அனுமதி கேட்கிறார். யார் விருந்தினர், யார் வீட்டார்?

ஆண்டிகுவாத் தீவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கிங்கெய்ட் இதனை வேறொரு முனையிலிருந்து கண்டார். (அவர் புனைந்துகொண்ட பெயர்தான் ஜமைக்கா, அத்தீவினர் அல்லர்.) 1988-இல் அவர் எழுதிய சிறுநூல் சுற்றுலாப் பயணியை நேர்நிறுத்திக் கடுமையாகப் பேசுவது. அன்றாட வாழ்வின் சலிப்பிலிருந்து விலகி ஓய்ந்திருக்க எல்லா ஊர் மக்களும் விரும்புவர். ஆனால் உலகின் பெரும்பாலான ஊர்களில் வாழ்வோர் எங்கும் செல்ல இயலாத ஏழைகள். ஆதலின் அவர்கள் வந்து போகும் பயணியைப் பொறாமையோடு நோக்குவர் என்பது அந்நூலின் ஒரு கருத்து. அவர் சினத்தில் மிகை உண்டு என்று வாதிடலாம். ஆயினும் அவர் தொட்ட இடம் உண்மையானது. விருந்தோம்பலின் பழைய அறத்தில் ஒரு மறைவான நம்பிக்கை இருந்தது: இன்று நான் உனக்குச் சோறிடுகிறேன், நாளை நான் உன் ஊர் வந்தால் நீ எனக்கு இடுவாய். நெக்ரிலில் மேசை துடைக்கும் பெண்ணுக்கு அந்த நாளை கிடையாது. டொரான்டோவிலிருந்து வந்தவரின் நகருக்கு அவள் செல்ல வேண்டுமாயின் நுழைவுச்சீட்டு வேண்டும், வங்கிக் கணக்கின் சான்று வேண்டும், திரும்பிவிடுவாள் என்பதற்கு உறுதி வேண்டும். காண்ட் எல்லார்க்கும் உரியதென்று கூறிய காணும் உரிமையே ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதாய் நிற்கும்போது, விலைப்பட்டியலில் எழுதப்பட்ட தொகையால் எந்தக் கடன் தீர்ந்தது?

பட்டியலில் எழுதப்படாத பொருள்கள் வேறும் உள்ளன. நெக்ரிலின் வெண்மணல் வேறெங்கிருந்தும் வந்து குவிந்ததன்று. கடற்புல் படுகைகளிலும் பவளப்பாறைகளிலும் வாழும் சுண்ணப் பாசியும் சிப்பியும் உடைந்து பொடிந்து உருவானது. கரைக்குப் பின்னால் பெருஞ்சதுப்பு ஒன்று உள்ளது. 1950-களில் அதனை வடித்து நிலமாக்கக் கால்வாய் வெட்டினர். சதுப்பு வடிகட்டி வந்த நீர் வடிகட்டப்படாமலே கடலில் கலந்தது. விடுதிகளின் கழிவும் சேர்ந்தது. பவளமும் புல்லும் நலிந்தன. மணல் உருவாவது குறைந்து, கரை பல இடங்களில் அரிக்கப்பட்டு வருகிறது. கட்டடம் எதுவும் தென்னையின் உயரத்தை மிஞ்சலாகாது என்று அவ்வூர்க்குத் தொடக்கத்தில் ஒரு விதி வகுத்திருந்தனர். அழகிய விதி அது. கண்ணுக்குத் தெரியும் உயரத்தை அளந்தது, கண்ணுக்குத் தெரியாத நீரை அளக்கவில்லை.

2025 அக்டோபர் 28-இல் மெலிஸா என்னும் பெரும்புயல் ஐந்தாம் நிலை வலிமையோடு மேற்கு ஜமைக்காவில் கரை கடந்தது. வெஸ்ட்மோர்லாந்து வட்டாரம் பெருஞ்சேதம் கண்டது. பயணிகளுக்கு வானூர்தி உண்டு. சில நாள் தாமதமானாலும் அவர்கள் தத்தம் நாடு திரும்பினர். கூரையிழந்தோர் தங்கினர். அத்தங்குதலுக்கு எவரும் வாடகை கொடுப்பதில்லை. பின்னர், விடுதிகளைத் திறந்தாக வேண்டும், பயணிகள் வந்தாக வேண்டும் என்ற குரல் அந்நாட்டிலிருந்தே எழுந்தது, வருவாய் வேண்டுமே. தம் வீட்டில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு, காலையில் சீருடை அணிந்து, பிறர் அறையின் படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துவிடச் செல்வோரின் முகத்தை வள்ளுவர் கண்டிருப்பாராயின், விருந்தினர் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் பரிமாறுவோர் முகத்தைப் பற்றியும் இரண்டு குறள் எழுதியிருப்பார்.

அப்படியாயின் அங்கே செல்வதே தவறா என்று மாணவர் கேட்கலாம். செல்லாமல் இருப்பது எவர்க்கும் சோறு போடாது. செல்வோர் செய்யக்கூடியவை சிலவற்றை அவ்வூரின் நடைமுறையே கற்பித்துவிடுகிறது. நெக்ரிலின் சிறிய சமையற்கடைகளில் அச்சடித்த பட்டியல் பெரும்பாலும் இராது. அன்று எந்த மீன் கரைக்கு வந்ததோ அதுவே உணவு. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்தவுடன், என்ன வேண்டும் என்று கூறுவதற்குமுன் வணக்கம் கூறவேண்டும்; கூறாதவர்க்குப் பதில் சற்றுத் தாமதமாகவே வரும். ஜமைக்கா முழுவதும் உள்ள வழக்கம் இது. பணம் படைத்தவர் என்பதனால் எவரும் விரைந்து ஓடி வருவதில்லை. வெங்காயமும் கேரட்டும் காரமிளகாயும் புளிக்காடியில் ஊறிய மீன் ஒரு தட்டில் வரும், கூடவே சோறும் அவரையும் வரும், விலை சொல்லப்படும், கொடுக்கவேண்டும். பிற்பகல் நெருங்கும் வேளையில் வந்து சேருபவர்க்கு, எந்த நாட்டு நாணயத்தை எடுத்து நீட்டினாலும், சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "முடிந்துவிட்டது, நாளை வாருங்கள்" என்று அந்தப் பெண்மணி கூறிவிடுவார்.